பாதி அமரன் நடந்த வழி: எலியூசிஸ் முதல் அக்கெரோன் வரை

நான் எழுதிக்கொண்டிருக்கும் மாய சாகச நாவலின் நாயகனுக்குக் கிரேக்கப் புராணத்தில் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. ஹோமரின் பெயரால் வழங்கும் துதிப்பாடல்களுள் தானியத் தெய்வமான டிமீட்டரைப் பற்றிய நீண்ட பாடலில் அவன் கைக்குழந்தையாக வந்து, சில வரிகளிலேயே மறைந்துவிடுகிறான். மகள் பெர்செஃபொனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் கவர்ந்து சென்ற துயரத்தில் டிமீட்டர் கிழவி வேடத்தில் அலைந்து, எலியூசிஸ் ஊரின் அரச வீட்டில் செவிலித்தாயாகச் சேர்கிறாள். அந்த வீட்டுக் குழந்தையான டெமோஃபோனைச் சாவில்லாதவனாக்க எண்ணி, பகலில் அவன் உடலில் அமுதம் பூசி, இரவில் யாரும் அறியாமல் அடுப்பு நெருப்பினுள் வைக்கிறாள். ஓர் இரவு தாய் மெட்டனைரா அதைப் பார்த்து அலறிவிட, சினந்த தெய்வம் குழந்தையை நெருப்பிலிருந்து எடுத்துத் தரையில் இட்டு, இனி இவனும் சாவுக்குத் தப்ப முடியாது என்று சொல்லிவிடுகிறது. பிற்காலத்து அப்பொல்லொடோரஸ் புராணத் தொகுப்பில் குழந்தை அந்த நெருப்பிலேயே எரிந்துபோகிறது.

என் நாவல் அந்தத் தரையிலிருந்து தொடங்குகிறது. பாதி மட்டும் அமரனான டெமோஃபோன் வளர்ந்து ஆளாகி, மீதிப் பாதியைத் தேடிப் புறப்படுகிறான். இறந்தவரை எழுப்பிய மருத்துவன் அஸ்கிலிப்பியஸ், தெய்வங்கள் ஆணையிடும் ஸ்டிக்ஸ் நீர், இறந்தவர்கள் கடக்கும் அக்கெரோன் ஆறு என்று அவன் போகும் இடங்கள் யாவும் இன்றைய கிரேக்க வரைபடத்தில் இருப்பவை. ஆகவே நானும் அதே வழியில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் செவிலியராகப் பணிபுரியும் அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளிடம் கிரேக்கத்தில் செல்லும் ஓட்டுநர் உரிமம் இருந்தது. நாவலின் கைப்பிரதியைப் படித்துவிட்டு அதில் குறை கண்டிருந்தாள் என்பதும் அவள் வந்ததற்கு ஒரு காரணம்.

செப்டம்பர் 11, 2024, புதன் – ஏதென்ஸ்

செப்டம்பர் என்றால் வெயில் தணிந்திருக்கும் என்று நினைத்திருந்தோம். பிற்பகலில் தரையில் பதித்த பளிங்குக் கற்கள் செருப்பைத் தாண்டிச் சுட்டன. அக்ரோபொலிஸ் பக்கம் போகாமல் நேராகக் கெராமைகோஸ் சென்றோம். பழைய ஏதென்ஸின் இடுகாடு அது. குயவர்கள் வாழ்ந்த பகுதி என்பதால் அந்தப் பெயர். எலியூசிஸ் நோக்கிச் செல்லும் புனித வீதி இங்கிருந்த வாயிலில்தான் தொடங்கியது. ஆண்டுதோறும் இதே செப்டம்பர் மாத அளவில், டிமீட்டரின் மறைச்சடங்குக்குச் செல்லும் மக்கள் கூட்டம் இந்த வாயிலைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நடந்து போயிருக்கிறது. அதாவது, இறப்புக்குப் பிந்திய நல்வாழ்வை நாடிச் சென்றவர்கள் முதலில் கல்லறைகளின் நடுவே நடக்க வேண்டியிருந்தது. எரிதானோஸ் என்ற சிற்றோடை அங்கே இன்னும் நூலாக ஓடுகிறது. அதன் கரைப் புல்லில் ஆமைகள் மேய்கின்றன.

இரவு உணவுக்கு நாங்கள் சைவம் என்பதை விளக்கச் சிரமப்பட்டபோது, பரிமாற வந்த இளைஞர் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். ‘நிஸ்தீசிமா’ என்று கேளுங்கள், அது எங்கள் நோன்பு உணவு, இறைச்சியோ பாலோ முட்டையோ இருக்காது என்றார். மசித்த மஞ்சள் பருப்பின் மேல் ஆலிவ் எண்ணெயும் பச்சை வெங்காயமும் இட்ட ஃபாவா, தக்காளிக் குழம்பில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, ரொட்டி. இருவருக்கும் 21 யூரோ; ஏறக்குறைய 1,950 ரூபாய். கேட்காமலே வைத்த ரொட்டிக்கு விலை போட்டிருந்தார்கள். கேட்காமலே வைத்த தர்பூசணிக்குப் போடவில்லை. இந்தக் கணக்கு பயணம் முழுவதும் மாறவில்லை.

செப்டம்பர் 12, வியாழன் – எலியூசிஸ்

புனித வீதிக்கு இன்றும் அதே பெயர்தான். ஆனால் அதன் இருபுறமும் டயர் கடைகளும் மரச்சாமான் கடைகளும் நிற்கின்றன. மலைத்தொடரைக் கடந்து கடற்கரைக்கு இறங்கும் இடத்தில், பூசாரிகள் மட்டுமே மீன் பிடிக்கலாம் என்று பயண எழுத்தாளர் பௌசானியாஸ் இரண்டாம் நூற்றாண்டில் குறித்துவைத்த புனித நீர்நிலைகளின் எச்சமாக ஓர் ஏரி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டிகள். பேருந்தின் சன்னலை மூடியபிறகும் எண்ணெய் வாடை உள்ளே இருந்தது. வளைகுடாவில் கைவிடப்பட்ட கப்பல்கள் பாதி மூழ்கிய நிலையில் துருப்பிடித்துக் கிடந்தன. இந்த ஊர் 2023ஆம் ஆண்டு ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் பதாகைகள் சில மின்கம்பங்களில் இன்னும் வெளுத்துத் தொங்கின.

அதே கம்பங்களில் வேறொன்றும் ஒட்டியிருந்தது: இறந்தவரின் பெயரும் அடக்க நாளும் கோயிலும் அச்சிட்ட, கறுப்புக் கரையிட்ட தாள்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் நெருங்கிய உறவினர், படம் மட்டும் பெரும்பாலும் இல்லை. அக்கா ஒவ்வொன்றிலும் இருந்த வயதைப் படித்துக்கொண்டே வந்தாள். தொழில் பழக்கம்.

அகழ்வாய்வுத் தளம் ஒரு குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. நுழைந்ததும், டிமீட்டரின் நினைவோடு பிணைந்த கல்லிகோரோன் கிணறு. அதைக் கடந்தால் பாதாளத்தின் வாயில் என்று கருதப்பட்ட, சிறிய குகையை ஒட்டிய புளூட்டோ கோயில்; புளூட்டோ என்பது ஹேடிஸின் மறுபெயர். அதன் பின், ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் கூடிய தெலெஸ்தேரியோன் மண்டபத்தின் அடித்தளம். பாறையைக் குடைந்து வெட்டிய படிவரிசைகளும் தூண்களின் அடிகளும் மட்டும் எஞ்சியுள்ளன. இங்கே நடந்ததை வெளியில் சொன்னவருக்கு மரண தண்டனை என்பதால், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் நடந்த சடங்கின் உள்ளடக்கம் இன்றுவரை முழுமையாகத் தெரியவில்லை. நோன்பிருந்து, பார்லியும் ஒருவகைப் புதினாவும் கலந்த நீரைக் குடித்தார்கள், இரவில் பெருந்தீயின் ஒளியில் எதையோ கண்டார்கள் என்ற அளவில்தான் நமக்கு எட்டுகிறது. கி.பி. 392இல் தியோடோசியஸ் பேரரசரின் தடையும், 396இல் அலாரிக்கின் கோத் படையும் அதை முடித்துவைத்தன.

இங்கே என் நாவலுக்கு முதல் அடி விழுந்தது. நாயகன் தன் மீதிப் பாதியை இந்த மண்டபத்தின் ஒரு மறைவறையில் தேடுவதாக எழுதியிருந்தேன். ஆனால் எலியூசிஸ் யாருக்கும் சாவின்மையைத் தருவதாகச் சொல்லவே இல்லை. சடங்கைக் கண்டவனும் சாவான். செத்தபின் அவன் நிலை மற்றவர்களுடையதைவிட நன்றாயிருக்கும் என்பதுதான் அது தந்த வாக்கு. குழந்தையைத் தீயிலிட்டு அமரனாக்க முயன்று தோற்ற அதே தெய்வம், அதன் பிறகு அந்த முயற்சியையே கைவிட்டுவிட்டு, மனிதருக்கு உழவையும் ஒரு சடங்கையும் கொடுத்துச் சென்றிருக்கிறது. டெமோஃபோனுக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு: அவன் ஒருகாலத்தில் தெய்வத்தின் மடியில் கிடந்தவன் என்பதால் அழியாத மதிப்பு உண்டு, ஊர் இளைஞர்கள் ஆண்டுதோறும் அவனுக்காகப் போர் விளையாட்டு நடத்துவார்கள் என்கிறது பாடல். உயிரோடு இருக்கும்போதே தனக்கு நினைவு விழா எடுக்கப்படுவதைப் பார்க்கும் இளைஞனின் மனநிலை என்னவாக இருக்கும் என்று அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

தலையில் புனிதப் பேழையைச் சுமக்கும் பெரிய பெண் சிலைகள் இரண்டு இங்கிருந்தன. ஒன்று இந்த ஊர் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. மற்றொன்றை ஊர் மக்கள் விளைச்சலைக் காப்பவளாக நம்பி, அதைச் சுற்றிலும் எருவைக் குவித்து வைத்திருந்தார்கள்; 1801இல் எட்வர்ட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அவர்களின் எதிர்ப்பையும் மீறி அதை எடுத்துப்போய்விட்டார். இப்போது அது கேம்பிரிட்ஜில் நிற்கிறது. பல நூற்றாண்டுக் கிறித்தவத்துக்குப் பிறகும் டிமீட்டருக்கு எரு போட்டுக்கொண்டிருந்த அந்த மக்களை நினைத்தால், அமரத்துவம் என்று நாவலில் நான் எழுதியவை யாவும் கொஞ்சம் வெளிறித்தான் போகின்றன.

வாசலுக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. குளிர்ந்த எஸ்பிரெஸ்ஸோ 2.50 யூரோ, ஏதென்ஸில் சுற்றுலாப் பகுதியில் 4.50 கொடுத்திருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த முதியவர், சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மண்டபத்துக்கு மேலே குன்றில் தெரிந்த சிறு மாதா கோயிலைக் காட்டி, நவம்பர் 21ஆம் நாள் வாருங்கள் என்றார். விதைப்புக் காலத்து மாதாவின் திருநாளாம். பெண்கள் பலவகைத் தானியங்களையும் பயறுகளையும் ஒன்றாக வேகவைத்துக் கொண்டுவந்து, மந்திரித்து, எல்லோருக்கும் பங்கிடுவார்கள். டிமீட்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் காப்பிக்கும் சேர்த்து அவர் பணம் கொடுத்துவிட்டுப் போனது, அவர் போனபிறகே தெரிந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி – எபிடாரஸ்

காரை எடுத்துக்கொண்டு கொரிந்த் பூசந்தியைக் கடந்தோம். 1893இல் திறந்த கால்வாயின் மேல் பாலத்தில் நின்று எல்லோரும் எடுக்கும் படத்தை நாங்களும் எடுத்தோம்.

எபிடாரஸுக்கு வருபவர்களில் பலர் அரங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அரங்கம் அழகானதுதான். கீழே 34 வரிசை, மேலே 21 வரிசை. நடுவட்டத்தில் நின்று ஒவ்வொருவரும் நாணயம் போட்டும் கைதட்டியும் ஒலியைச் சோதித்துக்கொண்டிருந்ததால், மேலே உட்கார்ந்திருந்த எங்களுக்கு உலகமே தாளம் தப்பிவிட்டது போலிருந்தது. நான் தேடி வந்தது அதற்குப் பின்னால், பைன் மரங்களுக்கு இடையே தரைமட்டமாய்க் கிடக்கும் மருத்துவமனை. நோயாளிகள் நீராடி, பலி கொடுத்து, அபாதோன் என்ற நீண்ட கூடத்தில் படுத்துறங்குவார்கள். கனவில் அஸ்கிலிப்பியஸ் வந்து குணப்படுத்துவான், அல்லது மருந்து சொல்வான். நஞ்சற்ற பாம்புகள் அங்கே உலவின.

குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று அம்புரோசியா என்ற ஏதென்ஸ் நகரத்துப் பெண்ணுடையது. ஒரு கண் பார்வையிழந்த அவள், மற்றவர்கள் குணமானதாகப் படித்த கல்வெட்டுகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். கனவில் வந்த கடவுள், குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமையின் நினைவாக வெள்ளியில் ஒரு பன்றி செய்து வைக்க வேண்டும் என்று கட்டணம் விதித்திருக்கிறான். இத்தனை குறும்புள்ள கடவுளைத் தெய்வங்களின் அரசன் சீயஸ் இடியால் கொன்றதற்குக் காரணம், அவன் நோயோடு நிற்காமல் இறந்தவர்களையும் எழுப்பத் தொடங்கியதுதான். ஆதீனா தெய்வம் கொடுத்த, கோர்கன் என்ற பாம்புக்கூந்தல் அரக்கியின் குருதியில் இடப்பக்கத்தது கொல்லும், வலப்பக்கத்தது எழுப்பும் என்கிறது அப்பொல்லொடோரஸ். என் மூன்றாம் அத்தியாயம் அந்த வலப்பக்கக் குருதியைச் சுற்றியே ஓடுகிறது.

அக்காவைக் கவர்ந்தது வேறு செய்தி. இந்தப் புனித எல்லைக்குள் யாரும் சாகவும் கூடாது, பிறக்கவும் கூடாது என்பது சட்டம். சாகக் கிடப்பவர்களையும் பிள்ளை பெறும் நிலையில் இருப்பவர்களையும் எல்லைக்கு வெளியே வெட்டவெளியில் கிடத்தினார்கள். கடைசியில் இரண்டாம் நூற்றாண்டில்தான் அந்தோனினஸ் என்ற ரோமானிய செனட்டர் அவர்களுக்கென ஒரு கட்டடம் எழுப்பினார். “சாவே நடக்காத ஆஸ்பத்திரி என்றால், சாகப்போகிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றுதானே பொருள்? உன் கதையில் அந்த வாசலில் கிடப்பவர்களைக் காணோமே” என்றாள். காணோம்தான். நாயகன் அந்த எல்லையை ஒரு வெள்ளைக் குதிரையில் கடப்பதாக எழுதியிருந்தேன். இனி அவன் அவர்களைத் தாண்டி நடந்து போக வேண்டும்.

இரவு தங்கிய சிற்றூரில் சுடுநீர் உண்டா என்று கேட்டோம். விடுதிக்காரர் முகவாயை மேலே தூக்கி நாவால் ஒரு ‘ச்’ ஒலி எழுப்பினார். உண்டு என்று எடுத்துக்கொண்டு அக்கா குளிக்கப் போனாள். அது ‘இல்லை’ என்பதற்கான சைகை.

செப்டம்பர் 14, சனி – தியாகோஃப்தோ, காலவ்ரிதா

இன்று திருச்சிலுவை உயர்த்திய திருநாள். சிலுவை புதைந்திருந்த இடத்தில் இந்தச் செடி மணத்தது என்ற மரபினால், கோயிலிலிருந்து வந்தவர்கள் கையில் துளசி இனத்துச் செடிக்கொத்து வைத்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்ற கறுப்பு உடைப் பாட்டி ஒருவர், தன் கொத்தில் ஒரு கிளையை ஒடித்து அக்காவிடம் நீட்டினார். நோன்பு நாளாகவும் இருந்ததால், கடலோரக் கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து ‘நிஸ்தீசிமா’ என்று கேட்டேன். வந்தது எண்ணெயில் வாட்டிய ஆக்டபஸ். குருதி இல்லாதவை எனக் கருதப்படும் கடலுயிர்கள் இங்கே நோன்பு உணவில் சேர்த்தி என்பதை அந்த ஏதென்ஸ் இளைஞர் சொல்லாமல் விட்டிருந்தார். கடைக்காரம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தட்டை எடுத்துப்போய், அரிசி அடைத்த தக்காளியும் குடைமிளகாயும் கொண்டுவந்து வைத்தார். 14 யூரோ பெறும் ஆக்டபஸுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிற்பகலில் பல்சக்கரச் சிற்றிரயிலில் ஏறினோம். 1896இல் தொடங்கிய 22 கிலோமீட்டர்ப் பாதை, வூராய்கோஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் குகைகளையும் சிறு பாலங்களையும் கடந்து மலைக்கு ஏறுகிறது. வண்டிக்குள் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல், வெளியே பாறைச் சுவர். ஒரு மணி நேரத்தில் வெயில் மறைந்து குளிர்காற்று வந்துவிட்டது.

மேலே காலவ்ரிதா. இந்த ஊர் என் நாவலில் இல்லை. இரயில் முடியும் இடம் என்பதால் வந்தோம். 1943 டிசம்பர் 13ஆம் நாள், ஜெர்மன் படையினர் இவ்வூர்ப் பெண்களையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டு, சிறுவர்கள் உட்பட ஆண்களை ஊருக்கு மேலே ஒரு சரிவுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொன்றார்கள். ஊருக்குத் தீ வைத்தார்கள். பள்ளியிலும் தீ பற்றியபோது, உள்ளே இருந்தவர்கள் எப்படியோ வெளியேறித் தப்பினார்கள். அந்தப் பள்ளி இப்போது அருங்காட்சியகம். கோயிலின் இரு கோபுரங்களுள் ஒன்றில் உள்ள கடிகாரம் 2:34இல் நின்றபடி விடப்பட்டிருக்கிறது. எதிரே ஐஸ்கிரீம் கடையில் கூட்டம் இருந்தது.

என் முதல் அத்தியாயத்தில் குழந்தை நெருப்பில் கிடக்கும் காட்சியைத் தங்க நிறமும் பொறிகளும் தாலாட்டுமாக நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஜெர்மனியில் வாழும் அக்கா அருங்காட்சியகத்தில் யாரிடமும் தான் வாழும் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. திரும்பும் வண்டியில் இருவரும் அதிகம் பேசவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு – ஸ்டிக்ஸ்

கிராதிஸ் ஆற்றை ஒட்டி மலைக்குள் ஏறும் சாலையில், வளைவுக்கு ஒன்றாகச் சிறு கோயில் வடிவப் பெட்டிகள் கம்பங்களின் மேல் நிற்கின்றன. உள்ளே எண்ணெய் விளக்கு, புனிதர் படம், சிலவற்றில் இளைஞர் ஒருவரின் புகைப்படம். அந்த வளைவில் இறந்தவருக்காகவோ, அங்கே பிழைத்தவரின் நன்றியாகவோ வைக்கப்பட்டவை. அக்கா வேகத்தைக் குறைத்தாள்.

ஒரு மலையூரில் வழி கேட்க நின்றபோது கோயிலில் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெண்கள் வருவோர் கையிலெல்லாம் ஒரு காகிதப் பையைக் கொடுத்தார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள், நாங்கள் யாரென்று கேட்கவில்லை. உள்ளே வேகவைத்த கோதுமை, சர்க்கரை, உலர்திராட்சை, பாதாம், மாதுளை முத்துகள். இறந்தவர் ஒருவரின் நினைவு நாளுக்காகச் செய்த கோலிவா. டிமீட்டரின் கோதுமை, பாதாளத்தில் உண்டதனால் பெர்செஃபொனி முழுதாகத் திரும்பிவர முடியாமற்போன மாதுளை. காரின் பானெட்டில் சாய்ந்துகொண்டு இருவரும் ஒரு பையை முடித்தோம். மிகவும் சுவையாக இருந்தது. கிரேக்கத் தெய்வங்கள் தங்கள் அமுதத்தை எளிதில் யாருக்கும் தர மாட்டார்கள். அதைத் திருடி விருந்தினருக்குக் கொடுத்ததுதான் டாண்டலஸ் செய்த குற்றம் என்று பிண்டார் பாடியிருக்கிறார். இந்திரனின் அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்களால்தான் இவ்வுலகம் இருக்கிறது என்று புறநானூற்றில் பாடிய கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த வாசலில் நின்ற பெண்களைத்தான் தன்னவர்கள் என்றிருப்பார்.

ஸ்டிக்ஸ் என்பது இன்று மாவ்ரோநேரி என வழங்கும் அருவி. கெல்மோஸ் மலையின் செங்குத்துப் பாறையிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் விழுகிறது. பாதை முதலில் மரங்களுக்கிடையே இதமாகப் போய், பிறகு சரளைச் சரிவாகிறது. ஒரு பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை. அருவியின் அடிவரை போகும் எண்ணத்தை, எதிரே இறங்கி வந்த செக் நாட்டு மலையேறிகள் இருவரின் முழங்கால்களைப் பார்த்துக் கைவிட்டோம். எட்டத்திலிருந்து பார்த்தோம். கோடையின் முடிவென்பதால் நீர் மெல்லிய கோடாகத்தான் இருந்தது. அது நனைத்த பாறை மட்டும் உயரமாய்க் கறுத்து நின்றது. இந்த நீர் கண்ணாடியையும் உலோகத்தையும் அரித்துவிடும், குதிரைக் குளம்பு ஒன்றுதான் தாங்கும் என்று பௌசானியாஸ் எழுதியிருக்கிறார். அலெக்சாந்தரை இதைக் கொடுத்துத்தான் கொன்றார்கள் என்ற வதந்தியையும் குறித்திருக்கிறார். வீரன் அக்கிலீஸைக் காயம் படாதவனாக்கத் தாய் இதில் தோய்த்த கதை ரோமானியர் காலத்தில்தான் எழுத்துக்கு வருகிறது. ஆனால் என் வாசகர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான்.

பழங்கவிஞர் ஹெசியட் சொல்வது இன்னும் விந்தையானது. ஸ்டிக்ஸ் நீரின் மேல் பொய்யாணை செய்த தெய்வம், ஓராண்டுக்கு மூச்சும் பேச்சுமின்றிக் கிடக்கும். பிறகு ஒன்பது ஆண்டு மற்றத் தெய்வங்களின் விருந்திலிருந்து விலக்கப்படும். சாகாதவர்களுக்கென்று ஏற்பட்ட சாவு அது. அமரனாகத் துடிக்கும் டெமோஃபோன், இந்த அருவியடியில் அப்படிக் கிடக்கும் ஒரு தெய்வத்தின் உடலைக் கண்டால் என்ன செய்வான்? இறங்கும் வழியெல்லாம் இதைப் பேசிக்கொண்டு வந்தேன். அக்கா டிதோனஸைப் பற்றிக் கேட்டாள். வைகறைத் தெய்வம் இயோஸ் தன் காதலனுக்குச் சாவின்மையைக் கேட்டு வாங்கினாள். இளமையைக் கேட்க மறந்தாள். கை கால் அசைக்க முடியாமல் அவன் மூப்படைந்தபோது, ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து குரல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. “அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் யாராவது எட்டு மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் அல்லவா? அதை யாரும் பாட மாட்டார்கள்” என்றாள் அக்கா.

கார் நின்ற இடத்துக்கு வந்தால் முன்சக்கரம் தட்டையாகிக் கிடந்தது. உள்ளே மாற்றுச் சக்கரம் இல்லை. ஒட்டுத் திரவப் புட்டி ஒன்றும், வேலை செய்யாத காற்றழுத்தியும் இருந்தன. வாடகைக்குக் கொடுத்தவர்களின் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை இசையை மட்டுமே ஒலித்தது. சிறிய சரக்கு வண்டியில் வந்த கிழவர் ஒருவர் இறங்கி, எதுவும் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதை ஒட்டி, காற்றடைத்து, கூடவே ஒரு பை நிறைய வாதுமைக் கொட்டையும் கொண்டுவந்தார். பணம் நீட்டியதும் அந்த முகவாய்ச் சைகை. இம்முறை எங்களுக்குப் புரிந்தது.

செப்டம்பர் 16, திங்கள் – வடக்கே

நாள் முழுவதும் மழை. 2004இல் திறந்த ரியோ–அந்திரியோ பாலத்தைக் கடந்து வளைகுடாவின் மறுகரைக்குப் போனோம். சுங்கக் கட்டணம் இருவரின் ஒருவேளைச் சாப்பாட்டை விழுங்கிவிட்டது. பார்காவில் அறை எடுத்து ஈரத்துணிகளை உலர்த்தினோம். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய் – க்ளிகி

அக்கெரோன் ஆற்றின் ஊற்றுகள் க்ளிகி ஊருக்கு அருகே இருக்கின்றன. இறந்தவர்களைக் காசு வாங்கிக்கொண்டு கரோன் படகில் கடத்தும் ஆறு என்று இதைக் கறுப்பாகவும் புகைமூட்டமாகவும் எழுதியிருந்தேன். கண்ணாடி போன்ற வெளிர்நீல நீர், பிளேன் மரங்களின் நிழல், குதிரைச் சவாரிக்கு அழைக்கும் பையன்கள், வாடகைக்கு இரப்பர்க் காலணி. ஆற்றுக்குள்ளேயே மேல்நோக்கி நடக்கிறார்கள்; நாங்களும் இறங்கினோம். நீரின் குளிர் முழங்காலுக்கு வந்தபோது வலியாகவும், இடுப்புக்கு வந்தபோது மரத்துப்போனதாகவும் இருந்தது. அக்கா வழுக்கி விழுந்து கைபேசியோடு எழுந்தாள். பயணத்தின் பாதிப் படங்கள் அதில் இருந்தன. கரையில் ஒரு பெல்ஜியக் குடும்பம் தங்கள் துவாலையைக் கொடுத்தது. கைபேசி பிழைக்கவில்லை. “அக்கெரோனுக்குக் காசு கொடுக்காமல் இறங்கினால் இப்படித்தான்” என்று நான் சொன்னது அந்த நேரத்தில் வரவேற்கப்படவில்லை.

செப்டம்பர் 18, புதன் – மெசோபொதமோ, அம்முதியா

ஆறு கடலை நெருங்கும் சமவெளியில், சிறு குன்றின் மேல் இருக்கிறது நெக்ரோமாந்தெயோன், இறந்தவர்களிடம் குறி கேட்கும் இடம். கீழே ஒருகாலத்தில் அக்கெரூசியா ஏரி இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் வடித்துவிட்டதால் இப்போது சோளக்காடு. ஹெரோடோட்டஸ் இந்தப் பகுதியை ஒட்டி ஒரு கதை சொல்கிறார். கொரிந்த் நகரின் கொடுங்கோலன் பெரியாண்டர், தான் கொன்ற மனைவி மெலிஸாவிடம் ஒரு செய்தி கேட்டு இங்கே ஆளனுப்பினான். எனக்குக் குளிர்கிறது, என்னோடு புதைத்த ஆடைகளை நீ எரிக்கவில்லை, அதனால் அவை எனக்குப் பயன்படவில்லை என்று ஆவி விடை சொன்னது. பெரியாண்டர் நகரத்துப் பெண்களையெல்லாம் திருவிழாவென்று வரவழைத்து, அவர்கள் உடுத்தி வந்த ஆடைகளைக் களைந்து ஒரு குழியில் இட்டு எரித்தான். புராணத்தைவிட வரலாற்றாசிரியர்கள் எழுதியது கொடூரமாக இருக்கிறது.

தடித்த சுவர்கள், திரும்பித் திரும்பிச் செல்லும் நடைவழி, நடுவறையின் தரையிலிருந்து இரும்புப் படி வழியாக இறங்கும் வளைவுக் கூரைப் பாதாள அறை. உள்ளே நாங்கள் பேசியது எதிரொலியே இல்லாமல் வாயருகிலேயே நின்றுவிட்டது. 1958இல் இங்கே அகழ்ந்த சொதிரிஸ் தாகாரிஸ், இதுவே ஒடிசியஸ் இறந்தவர்களைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடத்துக் குறிமண்டபம் என்றார். கிடைத்த வெண்கலச் சக்கரங்களை, ஆவிகளைப் போல ஆட்களை மேலிருந்து இறக்கிய பொறியின் பாகங்கள் என்று விளக்கினார். பின்னர் டீட்வுல்ஃப் பாட்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், அவை கவண்பொறியின் பாகங்கள் என்று காட்டினார். பெரிய தானியச் சாடிகளும் உழவுக் கருவிகளும் கிடைத்திருப்பதால், இது காவல் அரணோடு கூடிய பண்ணைவீடாக இருந்திருக்கலாம், பாதாள அறை சேமிப்புக் கிடங்காக இருக்கலாம் என்பது இப்போது வலுவான கருத்து. கி.மு. 167இல் ரோமானியர் எரித்ததோடு அதன் கதை முடிந்தது.

எனக்கு ஏமாற்றம் வரவேண்டிய இடம் இது, வரவில்லை. ஒடிசி காவியத்தில் பாதாளத்தில் சந்திக்கும் அக்கிலீஸ் சொல்வது இதுதான்: இறந்தவர்கள் எல்லோருக்கும் அரசனாக இருப்பதைவிட, சொந்த நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலியாளாக மண்ணின் மேல் வாழ்வேன். அதைச் சொல்ல இந்தப் பண்ணைவீட்டைவிடப் பொருத்தமான இடம் ஏது? நாவலின் இறுதியில் டெமோஃபோன் ஹேடிஸை வென்று அமுதத்தைப் பெறுவதாக வகுத்திருந்ததை விட்டுவிட்டேன். அவன் பாதாளத்தின் வாயில் என்று எண்ணி இந்தக் குன்றுக்கு வருகிறான். இங்கே ஒரு குடும்பம் தானியம் அளந்துகொண்டிருக்கிறது. அறுவடைக்கு ஆள் போதவில்லை.

அம்முதியாவில், ஆறு கடலில் சேரும் இடத்தில், வறுத்த கத்தரிக்காயும் வாட்டிய மிளகாயும் காட்டுக்கீரையும் சாப்பிட்டோம். 24 யூரோ, கடைசியில் திராட்சை இலவசம். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவள் கீரையில் எலுமிச்சை பிழிந்தபடி, அவனுக்குக் கூலி என்ன தருவார்கள், பாதி அமரன் என்பதால் பாதிச் சாப்பாடு போதுமா, முதுகுவலி வருமா, கிழவனாவானா மாட்டானா என்று வரிசையாகக் கேட்டாள். எதற்கும் என்னிடம் விடை இல்லை என்று கண்டதும், “அப்படியானால் இதுதான் கதையின் தொடக்கம். இதுவரை எழுதியதை முன்கதையாகச் சுருக்கிவிடு” என்றாள்.

பதிப்பாளர் நவம்பருக்குள் கேட்டிருக்கிறார்.